இரவில் 9 நொடி, பகலில் 4 நிமிடம்: ஒரே கிரெப், ஒரே கோப்பு

மார்ச் 3, காலை 10:20

லினக்ஸ் சர்வர் ஒன்றில் சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு) ஒன்று நாள்தோறும் அதிகாலை 2:30 மணிக்கு, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் வழியாக ஓடுகிறது. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஏறத்தாழ 2 ஜிபி அளவுள்ள லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பில், சொற்களைத் தேடும் கிரெப் கட்டளையைக் கொண்டு, பிழைச் செய்திகளைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் தேடுகிறது. பிறகு, பெயர்ப் பட்டியல் ஒன்றில் 20 குறிகளுக்கு மேல் நீண்ட பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. இரண்டாவது கோப்பு மிகச் சிறியது, அதில் எந்தச் சிக்கலும் இல்லை. முதல் தேடல்தான் புதிர்.

கிரான் எழுதிவைக்கும் பதிவின்படி முதல் தேடல் 9 நொடியில் முடிகிறது. நேற்றுப் பகலில் அதே ஸ்கிரிப்டை, அதே கோப்பின் மீது, என் கையால் ஓட்டினேன். 4 நிமிடம் 10 நொடி எடுத்தது. மூன்று முறை ஓட்டியும் அதே அளவுதான். பகலில் பலர் சர்வரைப் பயன்படுத்துவதால் வட்டுக்கு வேலை கூடி, கிரெப் தன் முறைக்குக் காத்திருக்கிறது என்பது என் கருத்து. வேறு விளக்கம் உள்ளவர்கள் எழுதலாம்.

மார்ச் 3, பிற்பகல் 3:05

காலையில் எழுதிய கருத்தை நானே திரும்பப் பெறுகிறேன். நேரத்தை அளக்கும் டைம் கட்டளையோடு ஓட்டிப் பார்க்காமல் வட்டின் மீது பழி போட்டிருக்கக் கூடாது. மொத்த நேரம் 4 நிமிடம் 10 நொடி. அதில் 'யூசர்' நேரம் (நிரல் தானே கணக்கிட்ட நேரம்) மட்டுமே 4 நிமிடத்துக்கு மேல், 'சிஸ்' நேரம் (நிரலுக்காக இயங்குதளம் உழைத்த நேரம்) 2 நொடிக்கும் குறைவு. வட்டுக்காகக் காத்திருந்தால் மொத்த நேரம் நீண்டு, யூசர் நேரம் சிறிதாக இருந்திருக்கும். ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளையும், கிரெப் செயலியின் ஒரு கோரை முழுவதும் விழுங்கிக்கொண்டிருப்பதையே காட்டியது. கிரெப் எதற்காகவும் காத்திருக்கவில்லை. உள்ளே எதையோ கடுமையாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது.

மேலும், ஒரு முறை படித்த கோப்பை இயங்குதளத்தின் கருவான கர்னல், நினைவகத்தில் பேஜ் கேஷ் என்னும் தற்காலிக இடத்தில் வைத்திருக்கும் என்பதால், நினைவகம் போதுமானதாக இருந்தால் இரண்டாவது ஓட்டம் வட்டைத் தொடவே வேண்டியதில்லை. என் மூன்று ஓட்டங்களும் ஒரே நேரத்தை எடுத்தபோதே வட்டு குற்றமற்றது என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியாததால், கேஷை முழுவதும் காலி செய்து மீண்டும் அளந்தேன். வேலை நேரத்தில் அதைச் செய்ததன் பயனாக, கிரெப்பின் வேகம் மாறவில்லை, மற்ற எல்லோருடைய வேலையும் சற்று நேரம் மெதுவாகிவிட்டது. யாரும் காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 3, இரவு 11:40

தீர்ந்தது. அதே கோப்பை என் மடிக்கணினிக்கு நகலெடுத்து, வெளியீடு திரையை நிறைக்காமலிருக்க அதை, எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடும் '/டெவ்/நல்' பக்கம் திருப்பிவிட்டு, அதே கட்டளையை ஓட்டினேன். ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்தது! சர்வரின் வன்பொருள் பழையது, அதுவே காரணம்.

மார்ச் 4, காலை 6:50

தீரவில்லை. 2 ஜிபி கோப்பை ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் எந்த மடிக்கணினியாலும் படித்து முடிக்க முடியாது என்பது படுத்த பிறகுதான் உறைத்தது. குனூ கிரெப் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் கிரெப்) தன் வெளியீடு எங்கே போகிறது என்று பார்க்கிறது. அது '/டெவ்/நல்' சாதனமாக இருந்தால், எழுதுவதை யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு, முதல் பொருத்தம் கிடைத்த உடனே வெளியேறிவிடுகிறது. கிடைத்ததா இல்லையா என்பதைச் சொல்ல, நிரல் முடியும்போது திருப்பித் தரும் வெளியேற்ற எண் ஒன்று போதும் அல்லவா? என் கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு பிழைச் செய்தி இருந்தது. நான் அளந்தது அந்தச் சில வரிகளைத் தேடிய நேரத்தை.

வெளியீட்டைக் குழாய் வழியே டபிள்யூசி கட்டளைக்கு அனுப்பி, வரிகளை எண்ணச் சொல்லி அளந்தேன். மடிக்கணினியில் 3 நொடி. இது நம்பத்தக்க எண். ஆனால் 3 நொடிக்கும் 4 நிமிடத்துக்கும் இடையிலுள்ள தொலைவை வன்பொருளின் வயதை மட்டும் கொண்டு விளக்க முடியாது. அதைவிட, அதே பழைய வன்பொருள்தானே இரவில் 9 நொடியில் முடிக்கிறது? நேற்றிரவு இந்தக் கேள்வியை வசதியாக மறந்துவிட்டேன்.

மார்ச் 4, மாலை 5:30

கிரானுக்கும் என் டெர்மினலுக்கும் இடையே சூழல் மாறிகளில் (நிரல்கள் தொடங்கும்போது பெறும் அமைப்புகளில்) என்ன வேறுபாடு என்று ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி சரியான இடத்தைத் தொட்டது. ஸ்கிரிப்டின் தலையில் சூழல் மாறிகளை ஒரு கோப்பில் கொட்டும் வரி ஒன்றைச் சேர்த்து, கிரான் வழியாக ஒரு முறையும் கையால் ஒரு முறையும் ஓட்டி, இரண்டையும் ஒப்பிட்டேன். கிரானின் பட்டியல் ஒரு கைக்குள் அடங்கிவிடுகிறது. என் பட்டியலில் 'லேங்' என்ற மாறி யுடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்களாக்கும் குறியாக்கம்) லொக்கேல் ஒன்றைக் குறிக்கிறது. லொக்கேல் என்பது மொழியையும் எழுத்துக் குறியாக்கத்தையும் நிரல்களுக்குச் சொல்லும் அமைப்பு. கிரானின் பட்டியலில் அந்த மாறியே இல்லை. லொக்கேல் எதுவும் சொல்லப்படாதபோது நிரல்கள் 'சி' லொக்கேலில் ஓடுகின்றன.

கட்டளைக்கு முன்னால் 'எல்சி_ஆல்=சி' என்று எழுதிக் கையால் ஓட்டினேன். 4 நிமிடம் 10 நொடி, 4 நொடியாகிவிட்டது. இரவில் 9 நொடி ஆவதற்குக் காரணம், அப்போது கோப்பு கேஷில் இல்லாமல் வட்டிலிருந்து வருவதுதான். வட்டுக்கும் இந்தக் கதையில் சிறு வேடம் உண்டு.

மூன்று மாறிகளுக்குள் முன்னுரிமை தெரியாமல் அரை மணி நேரத்தை இழந்தேன். எழுத்துகளின் தன்மையைப் பொறுத்தவரை, எல்சி_ஆல் இருந்தால் அதுவே இறுதி. அது இல்லையென்றால் எல்சி_சிடைப். அதுவும் இல்லையென்றால்தான் லேங். நான் முதலில் லேங்கை மட்டும் மாற்றிவிட்டு, எங்கோ எல்சி_சிடைப் அமைக்கப்பட்டிருந்ததைக் கவனிக்காமல், "லொக்கேல் காரணம் இல்லை" என்று எழுதவும் தொடங்கிவிட்டேன். நல்ல வேளையாக அனுப்பவில்லை. இந்த இழையில் என் தவறான தீர்ப்புகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

மார்ச் 5, இரவு 9:15

ஏன் இவ்வளவு வேறுபாடு என்று கேட்டவர்களுக்காகச் சற்று நீளமாக எழுதுகிறேன்.

கிரெப் வேகமாக இருப்பதற்கு முதற்காரணம், அது கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் பார்ப்பதில்லை என்பது. பாயர், மூர் என்ற கணினியியலாளர் இருவரும் 1977 இல் வெளியிட்ட முறைப்படி, தேடும் சொல்லின் கடைசி எழுத்தை முதலில் ஒப்பிடுகிறது. அந்த இடத்தில் இருக்கும் எழுத்து சொல்லிலேயே இல்லாத ஒன்றாக இருந்தால், சொல்லின் நீளம் முழுவதையும் ஒரே தாவலில் கடந்துவிடுகிறது. கோப்பை முன்கூட்டியே வரி வரியாகப் பிரிப்பதும் இல்லை. பொருத்தம் கிடைத்த பிறகுதான் அந்த வரி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தேடுகிறது. சி லொக்கேலில் ஒரு பைட் என்பது ஓர் எழுத்து. ஆகவே இந்தத் தாவல் முறைக்கு எந்தத் தடையும் இல்லை.

பல பைட்கள் சேர்ந்து ஓர் எழுத்தாகும் குறியாக்கங்களில் ஒரு சந்தேகம் எழுகிறது. கிடைத்த பொருத்தம் உண்மையில் எழுத்தின் தொடக்கத்தில் தொடங்குகிறதா, அல்லது வேறோர் எழுத்தின் நடுவில் தற்செயலாக அமைந்ததா? ஷிஃப்ட்-ஜிஸ் போன்ற ஜப்பானியக் குறியாக்கத்தில் ஓர் எழுத்தின் இரண்டாவது பைட், ஆஸ்கி (ஒரு பைட்டில் அடங்கும் ஆங்கில) எழுத்தொன்றைப் போலவே தோற்றமளிக்கக்கூடும். எனவே அங்கே அந்தச் சோதனை தேவை. ஆனால் 1992 இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8 இல் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. தொடக்க பைட்டும் தொடர்ச்சி பைட்டும் ஒருபோதும் ஒரே மதிப்பைக் கொள்வதில்லை. கிரெப்பை முதலில் எழுதியவரும் அதே தாம்சன்தான் என்பதை நினைத்தால் இந்த வழக்கு சற்று வேடிக்கையாகத் தோன்றுகிறது.

எங்கள் சர்வரில் இருக்கும் கிரெப்பின் பதிப்பு 2.5.1. யாரும் தொடத் துணியாத பழைய இயந்திரம் அது. அந்தப் பதிப்பு யுடிஎஃப்-8 க்கும் மற்றப் பல பைட் குறியாக்கங்களுக்கும் இடையே வேறுபாடு பாராமல், எல்லாவற்றையும் ஒரே சந்தேகக் கண்ணோடு எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கிறது. அதோடு, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் தேடச் சொல்லும் 'ஐ' தெரிவையும் கொடுத்துவிட்டால், கோப்பிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் அகலக் குறியாக (ஓர் எழுத்துக்கு ஒரே எண்ணாக) மாற்றி, சிறிய எழுத்தாக்கி, பிறகு ஒப்பிடுகிறது. 2 ஜிபிக்கும். நான் கேட்டது ஒரு பிழைச் சொல். அது செய்தது கோப்பு முழுவதற்குமான ஒலிபெயர்ப்புக்கு நிகரான வேலை.

இந்த வேலை கேலிக்குரியதும் அன்று. யூனிகோடில் கெல்வின் அலகுக்கென்று தனிக் குறி ஒன்று உண்டு. பார்வைக்கு அது ஆங்கிலப் பெரிய கே எழுத்து. அதன் சிறிய வடிவம் சாதாரணச் சிறிய கே. முதலாவது 3 பைட், இரண்டாவது 1 பைட். எழுத்தைச் சிறிதாக்கினால் வரியின் நீளமே மாறிவிடுகிறது என்றால், நிரலர் எத்தனை இடங்களில் கவனமாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

மார்ச் 5, இரவு 9:40

விட்டுப்போனது: தமிழ் எழுத்துகளுக்குப் பெரியது சிறியது என்ற பாகுபாடே இல்லை. தமிழ்ச் சொல்லைத் தேடும்போது 'ஐ' தெரிவைப் பழக்கத்தில் சேர்ப்பது, பழைய பதிப்பில், நிமிடக் கணக்கில் வீண் செலவு. நான் பல ஆண்டுகளாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 7, காலை 8:10

மடிக்கணினியில் கிரெப்பின் பதிப்பு 3 வரிசையைச் சேர்ந்தது. அங்கே யுடிஎஃப்-8 லொக்கேலிலும் சி லொக்கேலிலும் என் தேடல் ஏறத்தாழ ஒரே நேரத்தைத்தான் எடுக்கிறது. 2014 இல் வந்த 2.17 முதலாகவே 'ஐ' தெரிவின் வேகம் பெரிதும் கூடியது. கோப்பை மாற்றுவதற்குப் பதிலாகத் தேடும் சொல்லை இரு வடிவங்களாகவும் விரித்துக்கொண்டு, கோப்பைப் பைட்களாகவே படித்துச் செல்வது எவ்வளவு எளிய மாற்றம்! ஆகவே, எங்கு பார்த்தாலும் "எல்சி_ஆல்=சி போடுங்கள், வேகம் கூடும்" என்று சொல்லப்படுவது ஒரு காலத்து நோய்க்கான மருந்து. நோய் போன பிறகும் மருந்துச் சீட்டு மட்டும் கைமாறிக்கொண்டிருக்கிறது. மார்ச் 4 குறிப்பைப் படித்துவிட்டு யாரேனும் அதைத் தம் ஸ்கிரிப்டில் ஒட்டியிருந்தால், முதலில் தம் பதிப்பைப் பார்க்கவும்.

மார்ச் 7, இரவு 10:30

அந்த மருந்தை நானும் அளவுக்கு மீறி உட்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் எழுதச் சோம்பல்பட்டு, ஷெல்லின் தொடக்கக் கோப்பிலேயே எல்சி_ஆல்=சி என்று பொறித்துவிட்டேன். மறுநாள் அடைவைப் பட்டியலிட்டால், தமிழில் பெயரிட்ட கோப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளின் வரிசையாக நின்றன. வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை பெரிய எழுத்துகளையெல்லாம் சிறிய எழுத்துகளுக்கு முன்னால் கொண்டுவந்து அடுக்கியது. முன்பு வேறு லொக்கேலில் வரிசைப்படுத்தி வைத்திருந்த கோப்போடு, கோப்புகளை இணைக்கும் ஜாயின் கட்டளை ஒத்துப்போக மறுத்தது. மாறியை எந்தக் கட்டளைக்குத் தேவையோ அதன் முன்னால் மட்டும் எழுத வேண்டும். பொறித்ததை அழித்துவிட்டேன்.

மார்ச் 9, காலை 11:00

இன்னொருவர், தம் தேடல் மெதுவாக இல்லை, முடியவே இல்லை என்று எழுதியிருக்கிறார். அது வேறு நோய். டாப்பில் கிரெப்பின் சிபியூ அளவு பூச்சியம் என்று அவரே சொல்லியிருப்பதால், என் சிக்கலுக்கு நேர் எதிர். அடைவுக்குள் இறங்கித் தேட அவர் பெரிய ஆர் தெரிவைக் கொடுத்திருக்கிறார். இன்றைய பதிப்புகளில் சிறிய ஆர், வழியில் எதிர்ப்படும் குறியீட்டு இணைப்புகளைப் பின்தொடராது, சாதனக் கோப்புகளையும் தொடாது. பெரிய ஆர் இரண்டையும் செய்யும். வழியில் பெயரிட்ட குழாய் (ஒரு நிரல் எழுதுவதை இன்னொரு நிரல் படிக்க உதவும் சிறப்புக் கோப்பு) ஒன்று இருந்தால், மறுமுனையில் யாரேனும் எழுத வரும்வரை கிரெப் அங்கேயே நின்றுவிடும். நிரல் இயங்குதளத்தை அழைப்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸை, ஓடிக்கொண்டிருக்கும் கிரெப்பின் மீது இணைத்துப் பார்த்தால், எந்த அழைப்பில் நிற்கிறது என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும்.

மார்ச் 9, மாலை 4:20

(அவருக்கு: குழாய்தான் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. அதை யார் உருவாக்கினார்கள் என்ற விசாரணையில் நான் கலந்துகொள்ளவில்லை.)

மார்ச் 10, இரவு 8:45

பன்னிரண்டாயிரம் சொற்கள் கொண்ட கோப்பைச் சிறிய 'எஃப்' தெரிவோடு கொடுத்துத் தேடி, வேகம் போதவில்லை என்பவருக்கு: சொற்கள் வெறும் சொற்களாக இருந்தால் பெரிய எஃப் தெரிவையும் சேருங்கள். அப்போது அவை ரெஜெக்ஸ்களாக (சிறப்புக் குறிகள் கொண்ட தேடல் வடிவங்களாக) கருதப்படாமல், 1975 இல் ஏஹோவும் கொராசிக்கும் கொடுத்த முறைப்படி ஒரே எந்திரமாகக் கட்டப்பட்டு, கோப்பு ஒரே நடையில் படிக்கப்படும். சொற்பட்டியலில் ஒரே ஒரு வெற்று வரி இருந்தாலும் எல்லா வரிகளும் பொருந்திவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரெஜெக்ஸில் பின்னோக்குக் குறிப்பு (முன்பு பொருந்திய பகுதியையே மீண்டும் தேடச் சொல்லும் குறி) இருந்தால் அதன் வேகத்தைப் பற்றி முறையிட யாருக்கும் உரிமை இல்லை; அங்கே கிரெப் தன் வேகமான எந்திரத்தை விட்டு இறங்கி, மெதுவான வழியில் நடந்தே ஆக வேண்டும்.

நீண்ட தமிழ்ச் சொற்களைத் தேடினால் தாவல் நீளும் அல்லவா என்று கேட்டதற்கு: நானும் அப்படித்தான் எண்ணினேன். 'க' என்பது யுடிஎஃப்-8 இல் 224, 174, 149 என்ற மூன்று பைட்கள். வழக்கமான தமிழ் எழுத்துகளின் குறிகள் அனைத்தும் 224 இல் தொடங்கி, இரண்டாவது பைட்டாக 174 அல்லது 175 ஐக் கொண்டவை. கோப்பில் எங்கு கால் வைத்தாலும் மிதிபடும் பைட், தேடும் சொல்லிலும் கடைசிக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே தாவல் பெரும்பாலும் ஓரிரு பைட்களோடு முடிந்துவிடும்.

மார்ச் 12, காலை 7:30

மார்ச் 3 இல் "இரண்டாவது கோப்பு மிகச் சிறியது, அதில் எந்தச் சிக்கலும் இல்லை" என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

ஸ்கிரிப்டைச் சீர்செய்யும்போது முதன்முறையாக இரண்டு ஓட்டங்களின் நேரங்களை விட்டுவிட்டு விடைகளை ஒப்பிட்டேன். நீளமான பெயர்களின் பட்டியலில், கையால் ஓட்டினால் 3 பெயர்கள். கிரான் ஓட்டினால் 58. மிகுதியான 55 பெயர்களும் தமிழ் எழுத்தில் பதியப்பட்டவை. ஸ்கிரிப்ட் நீளத்தை ரெஜெக்ஸின் புள்ளியைக் கொண்டு பார்க்கிறது; சி லொக்கேலில் அந்தப் புள்ளி ஓர் எழுத்தைக் குறிப்பதில்லை, ஒரு பைட்டைக் குறிக்கிறது. 'தமிழ்ச்செல்வன்' என்ற பெயர் கண்ணுக்கு 8 எழுத்துகள்; யூனிகோடில் மெய்யெழுத்தின் புள்ளிகளையும் உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியே எண்ணினால் 14 குறிகள்; பைட்களில் 42. இருபதைத் தாண்ட 7 குறிகள் கொண்ட தமிழ்ப் பெயரே போதும். அதே கோப்பில் ரோமன் எழுத்தில் பதிந்த பெயர்களுக்கு ஒரு குறி ஒரு பைட் என்பதால், அவற்றில் தவறு ஏற்படவில்லை, யாருக்கும் சந்தேகமும் எழவில்லை.

பகலில் ஏன் மெதுவாக இருக்கிறது என்று ஒன்பது நாள்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மெதுவாக ஓடியதுதான் சரியான விடையைத் தந்தது. இரவு ஓட்டத்தின் 9 நொடியைப் பார்த்து, அதுவே இயல்பான நிலை என்று எடுத்துக்கொண்டது என் முதல் பிழை. மற்றவை எல்லாம் அதன் பிள்ளைகள்.

மார்ச் 12, இரவு 9:00

இதே நோக்கில் தோண்டியதில் இன்னொன்றும் கிடைத்தது. 'கொ' என்ற எழுத்தை, க-வுடன் ஒகரக் குறியைச் சேர்த்து 6 பைட்களிலும் எழுதலாம். எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்த்து 9 பைட்களிலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோட் தரமும் இரண்டையும் நிகரானவை என்றே சொல்கிறது. ஆனால் கிரெப் அவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை, எந்த லொக்கேலிலும். பெயர்ப் பட்டியலைத் தேடுவதற்கு முன் பைத்தானைக் கொண்டு என்எஃப்சி (நிகரானவற்றை ஒரே வடிவமாக்கும் யூனிகோட் முறை) வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். அதற்கு ஆகும் நேரத்தை அளக்கவில்லை. வேகத்தைப் பற்றிப் பேசும் தகுதியை இந்த வாரத்துக்கு இழந்துவிட்டேன்.

மார்ச் 15, மாலை 6:10

யாரும் தொடத் துணியாத இயந்திரத்தைத் தொட்டாயிற்று. முழு இயந்திரத்தையும் மாற்ற அனுமதி கிடைக்காததால், புதிய கிரெப்பை மூலத்திலிருந்து தொகுத்துத் தனி அடைவில் வைத்து, ஸ்கிரிப்டில் அதன் முழுப் பாதையையும் எழுதியிருக்கிறேன். கிரானிடம் எதையும் எதிர்பார்க்காமல், யுடிஎஃப்-8 லொக்கேலை ஸ்கிரிப்டே தன் தலையில் அமைத்துக்கொள்கிறது. நேற்று அதிகாலை ஓட்டம்: 10 நொடி, 3 பெயர்கள்.

மார்ச் 16, காலை 10:50

பெயர்களைப் பதியும் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். காலை அறிக்கையில் பெயர்கள் குறைந்துவிட்டனவே, ஸ்கிரிப்ட் பழுதாகிவிட்டதா என்று கேட்டார். நடந்ததை விளக்கினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் நான் மாற்றியவை எல்லாம்?" என்றார். அறிக்கையில் நீளம் என்று வந்த தமிழ்ப் பெயர்களை இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் எடுத்து, ரோமன் எழுத்தில் திருத்திப் பதிந்துவந்திருக்கிறார். தமிழில் எழுதினால் நீளம் கூடிவிடும் போலும் என்று நினைத்தாராம். மிகுதியாக வந்த 55 என்பது அவர் அந்த வாரத்தில் இன்னும் திருத்தி முடிக்காத பெயர்கள் மட்டுமே.

அவர் எத்தனை பெயர்களை மாற்றினார் என்று அவரிடம் கணக்கு இல்லை. பழைய காலை அறிக்கைகள் சுருக்கப்பட்ட கோப்புகளாகச் சர்வரில் கிடக்கின்றன. அவற்றை விரித்து, ஒவ்வொன்றிலும் தமிழ்ப் பெயர்களைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது, டைம் கட்டளையைச் சேர்க்கவில்லை.